பத்தாம் நம்பர் உள்ளுறை

அக்டோபர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? மாமாவுக்கு இன்னும் காலை ஷிப்டுதானா? அந்த நேரத்தில் பஸ் ஓட்டுவதென்றால் அவர் நாலு மணிக்கே எழ வேண்டுமே.

இங்கே போன் எடுக்காது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஆபீஸ் ஜீப் மேலே வரும். தபாலும் மண்ணெண்ணெயும் அதில்தான். கடிதம் தாமதமானால் என்னைக் கோபித்துக்கொள்ளாதே, ஜீப்பைக் கோபித்துக்கொள்.

வேலை இதுதான். அணைக்கு மேலே உள்ள மலைகளில் பதினோரு இடங்களில் இரும்புக் கம்பம் நட்டிருக்கிறார்கள். குளிர்காலம் முழுக்க மாதம் இரண்டு தடவை நடந்து போய், ஒவ்வொரு கம்பத்தடியிலும் பனி எத்தனை அடி நிற்கிறது, எவ்வளவு கனம் என்று அளந்து எழுத வேண்டும். கோடையில் அணைக்கு எவ்வளவு தண்ணீர் வரும் என்பதை அதை வைத்துத்தான் கீழே முடிவு செய்கிறார்கள். பன்னிரண்டு வருஷம் வரைபட மேசையில் உட்கார்ந்து அந்தக் கம்பங்களைப் புள்ளி புள்ளியாகக் குறித்தவன் நான். இப்போது ஒவ்வொரு புள்ளிக்கும் நடந்தே போகச் சொல்லிவிட்டார்கள். ஒரு சுற்று மூன்று நாள். வழியில் படுத்துக்கொள்ள இரண்டு மரக் குடில்கள்.

தனியாகப் போகக் கூடாது என்பது விதி. என் ஜோடிக்கு ஐம்பது வயது. எல்லோரும் அவரைக் குச்சி என்கிறார்கள். அளவுக் குச்சியைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றால், எது குச்சி, எது ஆள் என்று தூரத்திலிருந்து தெரியாது. இருபது வருஷமாக இதே மலை. நான் குச்சி அண்ணன் என்று கூப்பிடுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். ஆபீசில் கொடுத்த பூட்ஸ் இறுக்கமாக இருக்கிறது. இரண்டு சாக்ஸ் போட்டுக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். அம்மா வைத்த பருத்தி பனியன் ஆறு இருக்கிறது. தோல் ஜாக்கெட் இருக்கிறது. போதுமா? பதினைந்து வருஷமாகக் கடையில் மலையேறுகிறவர்களுக்கு உடையும் பூட்ஸும் எடுத்துக் கொடுப்பவள் நீ. கூடப் பிறந்தவனுக்கும் கொஞ்சம் சொல்.

உன் பதிலுக்கு ஜீப் வரும் பாதையைப் பார்த்திருக்கும்,
தம்பி

—

அக்டோபர் 24

தம்பிக்கு,

எல்லோரும் சுகம். அம்மா படி இறங்கும்போது மட்டும் உன்னை நினைத்துக்கொள்கிறாள், நீ இருந்தால் கை பிடிப்பாய் என்று. மாமாவுக்கு ஷிப்டு மாறிவிட்டது.

உன் பட்டியலைக் கடையில் கூட வேலை செய்கிற பெண்ணிடம் காட்டினேன். "உங்க தம்பி மலைக்குப் போறாரா, கல்யாணத்துக்குப் போறாரா?" என்றாள்.

பருத்தி பனியனைப் பெட்டியிலேயே பூட்டி வை. வியர்வையைக் குடித்துக்கொண்டு காயாமல் உடம்போடு ஒட்டிக் கிடக்கும். நடக்கும்போது தெரியாது. நின்றதும் முதுகில் ஈரத்துணி போட்ட மாதிரி இருக்கும். உடம்பை ஒட்டி மெல்லிய கம்பளி. அதன் மேல் தளர்வாக, காற்றைப் பிடித்து வைக்கிற மாதிரி ஒன்று. வெளியே காற்றும் பனியும் நுழையாத ஜாக்கெட். ஏற்றத்தில் வியர்க்கும் முன்பே ஒன்றைக் கழற்று, நின்றவுடன் போட்டுக்கொள். சோம்பேறித்தனம் படாதே. உன்னை எனக்குத் தெரியும்.

இறுக்கமான பூட்ஸுக்குள் இரண்டு சாக்ஸ் போட்டால் குளிர் குறையாது, கூடும். இரத்தம் ஓட இடம் வேண்டும். முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும், விரல்களை உள்ளே ஆட்ட முடிய வேண்டும். குளிரில் கால் வலித்தால் பயப்படாதே. வலி தானாக நின்றுபோனால் பயப்படு. அப்போது நடையை நிறுத்தி, பூட்ஸைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

சாயங்காலம், கால் சற்று வீங்கியிருக்கும் நேரம், ஒரு தாளில் நின்று பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு அனுப்பு. பையை முதுகில் மாட்டிக்கொண்டு நில். அப்போதுதான் பாதம் முழுசாகப் பரவும். உன் குச்சி அண்ணனுடையதையும் வாங்கி அனுப்பு. மூன்று நாள் உன்னோடு நடக்கிற மனிதர் கால் நன்றாக இருந்தால்தான் நீ பத்திரம்.

உடம்பைப் பார்த்துக்கொள் என்று அம்மா சொல்லச் சொன்னாள், நானும் சொல்கிறேன்.

அக்கா

—

நவம்பர் 8

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு சுகம். அங்கும் அப்படியே இருக்கட்டும்.

இரண்டு தாள் வைத்திருக்கிறேன். சின்னது என்னுடையது. நீளமானது குச்சி அண்ணனுடையது. தாளில் ஏறி நிற்கச் சொன்னதும், "என்னப்பா, போலீஸ்ல பிடிச்ச மாதிரி கால் ரேகை எடுக்குற?" என்றார். நீ சொன்னதைச் சொன்னேன். அவர் தன் சாக்ஸைக் காட்டினார். ஆபீஸ் கொடுத்த பருத்தி சாக்ஸ், குதிகாலில் அவர் மனைவி மூன்று தடவை ஒட்டுப் போட்டிருக்கிறார். "இருபது வருஷம் இதுலதான் நடந்தேன். இன்னும் பத்து விரலும் இருக்கு" என்றார். ஆனால் பென்சில் ஓடும்போது அசையாமல், பையோடு, பாடம் கேட்கிற பிள்ளை மாதிரி நின்றார்.

ஆபீசில் பெரிய பூட்ஸாக மாற்றி வாங்கிக்கொண்டு முதல் சுற்று போய் வந்தோம். நாலாவது கம்பத்தில் இரண்டடி. அவர் குச்சியை இறக்கினால் அடி மண்ணைத் தொட்டது கைக்கே தெரியுமாம். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஏற்றத்தில் நான் மூச்சு வாங்கி நின்றபோது என் பையிலிருந்து மாவு மூட்டையை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். கேட்கவே இல்லை.

மற்றவை அடுத்த ஜீப்பில்.

தம்பி

—

நவம்பர் 30

தம்பிக்கு,

நாங்கள் சுகம். அம்மாவுக்குச் சளி பிடித்து இறங்கிவிட்டது.

பார்சல் அனுப்பியிருக்கிறேன். உள்ளே இரண்டு கட்டு. சாம்பல் நிறம் உனக்கு, எட்டாம் நம்பர். பழுப்பு நிறம் குச்சி அண்ணனுக்கு, பத்தாம் நம்பர். ஒவ்வொன்றிலும் ஒரு கம்பளி உள்பனியன், ஒரு ஜோடி தடித்த சாக்ஸ், பூட்ஸுக்குள் போடுகிற உள்ளுறை ஒரு ஜோடி. உறை நனைந்தால் பூட்ஸிலிருந்து உருவித் தனியாகக் காய வை. நெருப்புக்குப் பக்கத்தில் வைத்தால் சுருங்கிவிடும். அவருக்கு வலது பாதம் இடதைவிடக் கொஞ்சம் பெரிது. கோட்டில் தெரிந்தது. அதனால் பத்தாம் நம்பரில் ஏழு ஜோடி பிரித்துப் பார்த்து, வலது சற்று அகலமாக இருந்த ஒன்றைப் பொறுக்கி வைத்தேன். முன்பின் பார்க்காத மனிதர். ஆனாலும் பாதத்தைப் பார்த்தால் ஆளைக் கொஞ்சம் தெரிந்துவிடுகிறது. உன் மூட்டையைத் தூக்கியவர் என்று கோட்டிலேயே தெரிந்த மாதிரி இருந்தது.

மாற்று சாக்ஸை எண்ணெய்த் தாளில் சுற்றி வை. நனையாமல் இருப்பதுதான் அங்கே பாதி உயிர்.

போட்டுப் பார்த்து இரண்டு பேரும் எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா

—

டிசம்பர் 21

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அம்மாவைக் குளிரில் வாசலில் நிற்க விடாதே.

பார்சல் வந்தது. அருமையாக இருக்கிறது. இரண்டு நாள் நடந்தும் கால் ஈரமாகவில்லை. உள்பனியன் முதலில் அரித்தது, பிறகு பழகிவிட்டது. ஏழாவது கம்பத்தில் ஐந்தடி. நேற்று மைனஸ் பதினெட்டு. மீசையில் மூச்சு உறைந்து வெள்ளையாகிவிட்டது. கண்ணாடியில் பார்த்தால் அப்பா மாதிரியே இருக்கிறேன்.

வேலை அதிகம். சுருக்கமாக முடிக்கிறேன்.

தம்பி

—

ஜனவரி 6

தம்பிக்கு,

சுகம், சுகம் என்று எழுதியிருக்கிறாய். சரி.

குச்சி அண்ணனுக்கு உறை சரியாக இருந்ததா என்று நீ எழுதவில்லை. வலது காலில் பிடிக்கிறதா? பிடித்தால் திருப்பி அனுப்பச் சொல், மாற்றித் தருகிறேன். சங்கடப்பட்டுக்கொண்டு வைத்திருக்கப் போகிறார். சிலர் கடையில் பிடிக்கிறது என்று சொல்ல வெட்கப்பட்டு, வீட்டுக்குப் போய் நொண்டுவார்கள்.

அம்மா கேட்கிறாள், லீவு எப்போது?

அக்கா

—

பிப்ரவரி 12

மதிப்புக்குரிய அக்கா அவர்களுக்கு,

என்னை உங்களுக்குத் தெரியாது. உங்கள் தம்பியோடு மலையில் வேலை பார்ப்பவரின் மனைவி நான். உங்கள் விலாசத்தைப் பார்சல் அட்டையிலிருந்து எடுத்தேன். நீங்களும் அம்மாவும் சுகமாக இருக்க வேண்டும்.

போன மாதம் இருபத்தேழாம் தேதி என் கணவர் ஓடையைத் தாண்டும்போது பனி உடைந்து வலது கால் தண்ணீருக்குள் போய்விட்டது. சாக்ஸைப் பிழிந்து, மாற்று சாக்ஸ் போட்டுக்கொண்டு குடில் வரை நடந்திருக்கிறார். அங்கே பார்த்தபோது விரல்கள் மெழுகு மாதிரி வெளுத்துக் கிடந்தனவாம். உங்கள் தம்பி தன் கம்பளிச் சாக்ஸையும் உறையையும் எடுத்து அவருக்குப் போட்டுவிட்டார். தன் வயிற்றில் அவர் காலை வைத்துச் சூடு கொடுத்தார். மறுநாள் பலகையில் கட்டி ஒன்பது மணி நேரம் பனியில் இழுத்துக்கொண்டு வந்து சேர்த்தார். மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். பாதம் தப்பியது, உயிர் தப்பியது.

உங்கள் தம்பிக்கு ஆபீசில் பாராட்டுக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். அவர் அதை வாங்கும்போது அழுதார் என்று சொன்னார்கள். அவ்வளவு நல்ல மனசு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இவருக்கும் ஒரு ஜோடி அனுப்ப நீங்கள் நினைத்ததாகவும், இவர் அளவு கடையில் தீர்ந்துவிட்டதாகவும் உங்கள் தம்பி சொல்லியிருந்தார். முன்பின் தெரியாதவருக்கு நினைத்தீர்களே, அதற்கே நன்றி. உங்கள் தம்பியின் உறை எப்படியோ இவர் காலுக்கு அளவெடுத்தது மாதிரி இருந்தது. ஆஸ்பத்திரியில் அந்தப் பழுப்பு நிறச் சாக்ஸைக் கழற்ற மனசே வரவில்லை இவருக்கு.

உங்கள் குடும்பம் நன்றாக இருக்கட்டும் என்று வாழ்த்தும்,
சகோதரி

—

பிப்ரவரி 20

தம்பிக்கு,

அவர் மனைவி எழுதியிருந்தார். சாம்பல் நிறம் எட்டாம் நம்பர். பழுப்பு நிறம் பத்தாம் நம்பர். இரண்டையும் நான்தான் கட்டினேன்.

என்ன நடந்தது என்று எழுது.

அக்கா

—

மார்ச் 19

அக்காவுக்கு,

இரண்டு ஜீப் வந்து போனது. இரண்டு தடவையும் எழுதிய கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். இதை அனுப்பிவிடுவேன்.

பார்சல் வந்த அன்று குச்சி அண்ணன் அதே ஜீப்பில் நாலு நாள் லீவில் கீழே போனார். பழுப்புப் பொட்டலத்தை அவர் கட்டிலில் வைத்தேன். அது சத்தியம். மறுநாள் தண்ணீர் எடுக்க ஊற்று வரை போய் வந்ததில் என் உறை நனைந்துவிட்டது. காயவில்லை. அடுத்த நாளும் போக வேண்டும். அவருடையதை ஒரு நாள் போட்டுவிட்டுக் காய வைத்து மடித்து வைத்துவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது என்று எடுத்தேன். என் காலுக்குப் பெரிதுதான். ஆனால் காய்ந்த உறைக்குள் காலை விடுகிற சுகம் இருக்கிறதே, அதை அனுபவித்தவனுக்குத்தான் தெரியும். நாலு நாளும் ஒன்று காலில், ஒன்று காயப்போட்டு என்று மாற்றி மாற்றிப் போட்டேன். நாலாம் நாள் பார்த்தால் பழுப்பு உறையின் அடிப்பக்கம் அழுக்கேறி, என் பாதம் பதிந்துபோய் இருந்தது. இதை எப்படிப் புதுசு என்று கொடுப்பது? கழுவிக் கொடுக்கலாம் என்று என் பைக்குள் வைத்தேன்.

அண்ணன் கீழிருந்து நடந்தே வந்தார். ஸ்டவ் பக்கத்தில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டே கேட்டார்: "உங்கக்கா பார்சல் வந்துச்சா?"

"வந்துச்சுண்ணே. எனக்கு மட்டும்தான் இருந்துச்சு. உங்க அளவு தீர்ந்துடுச்சாம். அடுத்த தடவை அனுப்புறேன்னு எழுதியிருக்கா."

நான் யோசித்துச் சொல்லவில்லை அக்கா. வாயிலிருந்து தானாக வந்தது. அவர் தன் சாக்ஸைப் பார்த்தார். "பரவாயில்ல. அவங்க கேட்டதே பெருசு" என்றார். அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். சிரித்துச் சமாளித்திருக்கலாம். அவரும் திட்டிவிட்டு வாங்கிக்கொண்டிருப்பார். ஒரு நாள் தள்ளினேன். பிறகு ஒவ்வொரு நாளும் சொல்வது முந்தின நாளைவிடக் கஷ்டமாகிவிட்டது.

ஜனவரிச் சுற்றில் அது என் பையின் அடியில் எண்ணெய்த் தாளில் இருந்தது. கழுவி, நன்றாகக் காய்ந்து. ஓடையில் அவர் கால் இறங்கியபோது காலை பத்தே கால். அவர் கல்லில் உட்கார்ந்து சாக்ஸைப் பிழிந்தார். மாற்றும் பருத்திதான். பூட்ஸின் உள்பக்கம் சொட்டியது. நான் பக்கத்தில் நின்றேன். பை என் முதுகில் இருந்தது. திறந்தால் பொய் வெளியே வரும். "குடிலுக்குப் போய்டலாம்ணே, பக்கந்தானே" என்றேன். பக்கம் இல்லை. நாலு மணி நேர நடை என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

வழியில் கம்பத்தடியில் நின்றபோது, "வலிக்குது" என்றார். அடுத்த கம்பத்தில், "இப்ப வலி போயிடுச்சு" என்றார். அக்கா, நீ எழுதியது எனக்கு அட்சரம் பிசகாமல் ஞாபகம் வந்தது. ஆனாலும் என் மனசு ஒரு நொடி லேசாயிற்று. வலி போய்விட்டதாமே, இனிப் பையைத் திறக்க வேண்டியதில்லை என்று. அந்த ஒரு நொடியைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை.

குடிலில் பூட்ஸைக் கழற்றிப் பார்த்த பிறகுதான் எடுத்தேன். "என் மாற்று இருக்குண்ணே" என்றேன். அங்கேயும் பொய்தான். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இழுத்து வந்ததும் வயிற்றில் காலை வைத்ததும் உண்மை. அதைச் சொல்லி என்ன.

தம்பி

—

மார்ச் 28

தம்பிக்கு,

கடையில் பூட்ஸ் பெட்டிகளுக்கு நடுவில் நின்று படித்தேன். ஒருவர் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு தடவை அவருக்குத் தப்பான நம்பர் எடுத்துக் கொடுத்தேன். பதினைந்து வருஷத்தில் நடக்காதது.

பத்தே காலுக்கே மாற்றியிருந்தால் விரல்கள் பிழைத்திருக்குமா? நான் டாக்டர் இல்லை. பிழைத்திருக்கலாம், பிழைக்காமலும் போயிருக்கலாம். அது தெரியாமலேயே நீ காலம் தள்ள வேண்டும். எனக்கு அதில் உனக்குக் கொடுக்க ஆறுதல் ஒன்றும் இல்லை.

அந்த அம்மாவுக்கு நான் இன்னும் பதில் போடவில்லை. நன்றியை வாங்கிக்கொண்டால் நானும் உன்னோடு சேர்ந்து பொய் சொன்னவள். வேண்டாம் என்று எழுதினால் ஏன் என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்வது என் வேலை இல்லை, உன் வேலை. கடிதத்தில் எழுதாதே. போய், அவர் எதிரில் நின்று சொல். அவர் என்ன செய்தாலும் வாங்கிக்கொள். மன்னிப்புக் கேட்டுவிட்டு உடனே கொடுப்பார் என்று கையை நீட்டிக்கொண்டு நிற்காதே.

அம்மாவிடம் சொல்லவில்லை. நீ சொல்லும் வரை நான் அவர்களுக்கு எழுத முடியாது என்பதை மட்டும் நினைவில் வை. அங்கே ஒரு மனுஷி என் பதிலுக்குக் காத்திருக்கிறாள்.

உடம்பு எப்படி இருக்கிறது என்று நீ எழுதவில்லை. எழுது.

அக்கா

—

ஏப்ரல் 22

அக்காவுக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. எழுதக் கூச்சமாக இருந்ததால் விட்டேன்.

போன ஞாயிறு அவர் வீட்டுக்குப் போனேன். ஜன்னலோரம் நாற்காலியில் காலை ஸ்டூலில் வைத்து உட்கார்ந்திருந்தார். அண்ணி எனக்குத் தட்டு வைத்தார். சாப்பிட்டுவிட்டுச் சொன்னால் அது இன்னொரு திருட்டு என்று தோன்றியது. உட்காராமலேயே சொன்னேன். முதல் நாளிலிருந்து, ஒன்றையும் விடாமல்.

அவர் கத்தவில்லை. கம்பத்தடியில் கேட்பது மாதிரியே கேட்டார்.

"நனைஞ்சது எத்தனை மணிக்கு?"

"பத்தே கால்ணே."

"குடிலுக்கு வந்தது?"

"ரெண்டரை."

"நாலே கால் மணி நேரம்" என்றார். பிறகு, "உன் பையிலயா?" என்றார்.

"ஆமாண்ணே."

"அடியிலயா, மேலயா?"

"அடியில."

தலையை ஆட்டிக்கொண்டார். அண்ணி தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார், திரும்பி வரவில்லை. உள்ளே குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. "நீ போயிட்டு வா" என்றார் அவர். வா என்றாரே என்று வழி முழுக்க அந்தச் சொல்லையே பிடித்துக்கொண்டு நடந்தேன். பழக்கத்தில் சொல்லியிருப்பார். அதற்கு மேல் அதில் எதுவும் இல்லை என்று ஜீப்பில் ஏறும்போது புரிந்தது.

பாராட்டுக் கடிதத்தைக் காரணம் எழுதி ஆபீசில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பெரிய அதிகாரி படித்துவிட்டு, "வேலைய விட்டுடறியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். மலையிலேயே இருக்கிறேன் என்றேன்.

இப்போது நீ அண்ணிக்கு எழுதலாம்.

தம்பி

—

டிசம்பர் 14

தங்கச்சிக்கு,

வீட்டில் அம்மாவும் உங்கள் வீட்டுக்காரரும் நலமா? இங்கே நானும் என் மனைவியும் இருக்கிறோம். குளிர் ஆரம்பித்தால் இல்லாத மூன்று விரலும் வலிக்கிறது. டாக்டரிடம் சொன்னால் அப்படித்தான் என்கிறார்.

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. நோட்டில் எண்தான் எழுதுவேன். ஆனால் நீங்கள் ஜூன் மாதம் அவ்வளவு தூரம் வந்து, தரையில் உட்கார்ந்து, என் காலை மடியில் வைத்து அளந்துகொண்டு போனீர்கள். உங்கள் தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்தப் பூட்ஸ் வந்து சேர்ந்தது. முன்பக்கம் கம்பளி அடைத்து, பெருவிரலுக்கு இடம் விட்டுச் செய்ய வைத்திருக்கிறீர்கள். இப்போது கைத்தடி இல்லாமல் முற்றம் வரை நடக்கிறேன். அதனால் எழுதுகிறேன்.

மலைக்கு இனி நான் போக முடியாது. சரிவில் கால் நிற்பதில்லை. கீழே அறையில் மேசை கொடுத்திருக்கிறார்கள். வருகிற அளவுகளை நோட்டில் ஏற்றுவதும், சுற்றுக்குப் போகிறவர்களின் சாமான்களைச் சரிபார்த்து அனுப்புவதும் என் வேலை. உங்கள் தம்பிக்குப் புது ஜோடி வந்திருக்கிறார். முன்பு மின்சார லைனில் வேலை பார்த்தவர். நல்ல பேச்சுக்காரர்.

உங்கள் தம்பியோடு அவசியத்துக்குப் பேசுகிறேன். என் மனைவி அதுவும் இல்லை. அவன் பெயர் வந்தால் எழுந்து போய்விடுகிறாள். அவளைக் குறை சொல்ல முடியாது. அவள் ஆறு வாரம் தினமும் என் காலுக்குக் கட்டு மாற்றியவள். நான் மன்னித்துவிட்டேனா என்று ஆபீசில் கேட்கிறார்கள். சில நாள் அவன் என்னை இழுத்துக்கொண்டு வந்தது ஞாபகம் வருகிறது. சில நாள் நான் அந்தக் கல்லில் உட்கார்ந்து சாக்ஸைப் பிழிந்தபோது அவன் பக்கத்தில் நின்றது ஞாபகம் வருகிறது. இரண்டுமே அவன்தான்.

இந்த வருஷம் பனி தாமதம், குளிர்காலத்தின் முதல் சுற்றுக்குப் போன வாரம்தான் கிளம்பினார்கள். பைகளைக் கட்டி வாசலில் வைத்திருந்தார்கள். உங்கள் தம்பியிடம், "பைய மேசையில கொட்டு" என்றேன். புது ஆள் சிரித்தார். அவன் சிரிக்கவில்லை. கொட்டினான். நான் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். உள்பனியன், கையுறை, உறை இரண்டு ஜோடி, சாக்ஸ் மூன்று. எது யாருடையது என்று சத்தமாகச் சொல்லச் சொன்னேன். சொன்னான். பிறகு புது ஆளுடைய பையையும் கொட்டச் சொன்னேன். அவருக்கு ஒரு ஜோடி சாக்ஸ் பருத்தி. அதை எடுத்து மேசைக்குள் போட்டேன். உங்கள் தம்பி தன் மூன்றில் ஒன்றை எடுத்து அவர் பையின் மேலே வைத்துக் கட்டினான். அடியில் வைக்கவில்லை.

இனி ஒவ்வொரு சுற்றுக்கும் இப்படித்தான் என்றேன். "சரிண்ணே" என்றான்.

மூன்று நாளும் ஜன்னல் பக்கமே உட்கார்ந்திருந்தேன். இருபது வருஷம் போனவனுக்குக் காத்திருப்பது இவ்வளவு பெரிய வேலை என்று தெரியாது. என் மனைவி எப்படிக் காத்திருந்தாள் என்று இப்போதுதான் நினைத்துப் பார்க்கிறேன்.

நேற்று மூன்று மணிக்கு இறங்கி வந்தார்கள். புது ஆள் வாசலிலேயே பேச ஆரம்பித்துவிட்டார். இரண்டு பேரையும் ஸ்டவ் பக்கத்தில் உட்காரச் சொல்லி, பூட்ஸைக் கழற்றச் சொன்னேன். புது ஆள் நீட்டினார், பத்து விரலும் சரி. உங்கள் தம்பி என் முன்னால் காலை நீட்ட மாட்டேன் என்று மடக்கிக்கொண்டான். நான்தான் குனிந்து இழுத்து, உங்களை மாதிரி மடியில் வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு விரலாக அழுத்திப் பார்த்தேன். அழுத்தினால் வெளுத்தது, விட்டால் சிவந்தது. அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு நோட்டை எடுத்தேன். பதினோரு கம்பத்தின் அளவையும் அவன் சொல்லச் சொல்ல எழுதினேன். கடைசிக் கம்பத்தில் மூன்றடி நாலு அங்குலம். அதற்குக் கீழே இன்னொரு வரி சேர்த்து எழுதினேன்: விரல்கள், இருபது.

குச்சி